உடம்பும் ஒரு வரவு செலவு நோட்டுதான்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் பேசியதன் எழுத்து வடிவம்)



முப்பது வருஷத்துக்கு மேலே இந்தப் பக்கத்துக் கிராமங்களில் மருந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவள் நான். உங்களில் பாதிப் பேருக்குத் தடுப்பூசி போட்டதும் இந்தக் கைதான், மீதிப் பேரின் பிள்ளைகளுக்குப் போட்டதும் இந்தக் கைதான். அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுவேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

"உடம்பு எடையைப் பத்திப் பேசுங்க நர்ஸம்மா" என்று தலைவி கேட்டுக்கொண்டார். அவர் ஏன் அதைக் கேட்டார் என்று இங்கே பல பேருக்குத் தெரியும். ஒரு குழுவில் ஒரு தங்கச்சி 14,000 ரூபாய் உள்கடன் வாங்கியது. மாடு வாங்கவோ, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவோ இல்லை. எடை குறைக்கிற பொடி வாங்க. காலையிலும் ராத்திரியிலும் சோற்றுக்குப் பதில் அந்தப் பொடியைக் கலக்கிக் குடிக்கணுமாம். கூட ரெண்டு பேரைச் சேர்த்துவிட்டால் போட்ட காசு திரும்பி வந்துருமாம். "உங்க மெட்டபாலிசம் தூங்குது மேடம், இந்தப் பொடி அதைத் தட்டி எழுப்பும்" என்று வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ரெண்டு மாசத்தில் ஆறு கிலோ குறைந்தது, அது உண்மை. மூணாவது மாசம் மலைக்குப் போகிற ஜீப்பில் மயக்கம் போட்டு விழுந்தது. தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. பொடியை நிறுத்திய அஞ்சாறு மாசத்தில் குறைந்த ஆறு கிலோவும் வந்து, ஒரு கிலோ வட்டியும் சேர்ந்துகொண்டது. கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தங்கச்சியிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். "பேரைச் சொல்லாம சொல்லுங்கம்மா, அடுத்த ஆளு ஏமாறாம இருக்கட்டும்" என்று அதுவேதான் சொன்னது.

மெட்டபாலிசம் என்றால் என்ன? பள்ளிக்கூடப் புத்தகத்தில் வளர்சிதை மாற்றம் என்று போட்டிருக்கும். சாப்பிட்ட சோற்றை உடம்பு சக்தியாக மாற்றுவது, அந்தச் சக்தியைச் செலவு செய்வது, மிச்சத்தைச் சேர்த்து வைப்பது, உடைந்த இடத்தைப் பழுது பார்ப்பது, இந்த மொத்த வேலைக்கும் பேர்தான் அது. தூங்கிக்கொண்டிருந்தாலும் அது நடக்கும். அது தூங்கிவிட்டால் நாமும் நிரந்தரமாகத் தூங்கிவிட்டோம் என்று அர்த்தம். ஆகவே யாராவது வந்து உங்கள் மெட்டபாலிசம் தூங்குது என்று சொன்னால், அந்த ஒரு வார்த்தையிலேயே அவருக்கு விஷயம் தெரியாது என்று தெரிந்துகொள்ளலாம்.

நமக்குத்தான் வரவு செலவு நோட்டு நல்லாத் தெரியுமே, அதை வைத்தே சொல்கிறேன். வீட்டில் நாம் ஒண்ணும் வாங்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வாடகை, கரண்ட் பில், கடன் தவணை என்று போய்க்கொண்டே இருக்கும் இல்லையா? உடம்புக்கும் அப்படி ஒரு நிலையான செலவு உண்டு. இதயம் அடிக்கணும், நுரையீரல் இழுக்கணும், ஈரல், சிறுநீரகம், மூளை எல்லாம் வேலை செய்யணும், உடம்பு சூடு குறையாமல் இருக்கணும். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் ஏறக்குறைய 1,200 கலோரி இதற்கே போய்விடும். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாள் மொத்தச் செலவில் பாதிக்கு மேலே, நூற்றுக்கு அறுபது, எழுபது பங்கு இதுதான். மூளை இருக்கிறதே, ஒண்ணரைக் கிலோகூட வராது, ஓய்வுச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே சாப்பிட்டுவிடும். (தவணைக் கணக்குப் பார்க்கிற பொருளாளர் இன்னும் ஒல்லியாகவில்லையே என்று கேட்காதீர்கள். யோசித்தாலும் யோசிக்காவிட்டாலும் மூளைக்குச் செலவு கிட்டத்தட்ட ஒண்ணுதான்.)

சாப்பிட்டதைச் செரிக்க வைக்க நூற்றுக்குப் பத்துப் பங்கு போகும். மிச்சம் இருப்பது நடப்பது, குனிவது, தூக்குவது, கூட்டுவது, துவைப்பது. ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவது இந்தக் கடைசிச் செலவுதான். நம்ம ஊர் விஷயமே இங்கேதான் இருக்கிறது.

விடியுமுன்னே எழுந்து, ஆக்கி வைத்து, தூக்குச்சட்டியைக் கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்ணைப் பாருங்கள். ஏலக்காய் மரத்திலே காய்க்கிற சாமான் இல்லை. செடியின் அடியில், தரையோடு படர்ந்த சரத்தில் காய்க்கும். குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்கணும். சரிவில் கால் ஊன்றி நிற்கணும், நிரம்பின பையைச் சுமந்து மேட்டுக்குக் கொண்டுவரணும். அதே வீட்டில் மூத்தவளோ, ஓரகத்தியோ போடியில் கிட்டங்கியில் உட்கார்ந்து காய் தரம் பிரிப்பாள். பச்சை தனி, வெளுத்தது தனி, பெருவெட்டு தனி. கண்ணுக்கும் விரலுக்கும்தான் வேலை. எட்டு மணி நேரம் உட்கார்ந்த இடத்தை விட்டு நகர வேண்டாம். சாயங்காலம் ரெண்டு பேருக்கும் இடுப்பு வலிக்கும், ரெண்டு பேரும் "இன்னைக்குச் செத்த வேலை" என்பார்கள். களைப்பு ஒண்ணுதான். செலவு ஒண்ணு இல்லை.

ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 2020-ல் அவர்கள் போட்ட கணக்குப்படி, 55 கிலோ எடையுள்ள பெண் உட்கார்ந்த வேலை பார்த்தால் ஒரு நாளைக்கு 1,660 கலோரி போதும். நடுத்தர உழைப்பு என்றால் 2,130. கடும் உழைப்பு என்றால் 2,720. மேல் கணக்குக்கும் கீழ் கணக்குக்கும் வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம். அரிசியாகச் சொன்னால் 300 கிராம் அரிசி. பத்துப் பதினைந்து வருஷம் மலைக்குப் போனவள், முட்டி வலி என்றோ பேரன் பிறந்தான் என்றோ நின்றுவிடுகிறாள். வேலை மாறிய அன்றே செலவு குறைந்துவிட்டது. தட்டு மட்டும் பழைய தட்டுதான். வயிறும் பழைய பழக்கம்தான். கூடவே, வீட்டில் இருப்பதால் நாலு தரம் டீ. ஒரு டீக்கு ரெண்டு கரண்டி சீனி என்றால் நாலு டீக்கு எட்டுக் கரண்டி, அதில் மட்டும் 160 கலோரி. பால் தனி. டீயோட வருகிற வடை தனி.

உடனே ஒரு அக்கா கேட்பார், "நர்ஸம்மா, எனக்கு ஃபேமிலி பிளானிங் ஆபரேஷன் பண்ணின பிறகுதான் உடம்பு போட்டுச்சு" என்று. முப்பது வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த ஆபரேஷனில் கருக்குழாயைத்தான் கட்டுகிறார்கள். சினைப்பை அப்படியே இருக்கும், சுரக்கிற ஹார்மோன் அப்படியே சுரக்கும், மெட்டபாலிசத்தில் அது கை வைப்பதில்லை. நடந்தது வேறு. ரெண்டாவது பிள்ளை பிறந்தது, பத்தியம் என்று நெய்யும் நல்லெண்ணெயும் ஊட்டினார்கள், ஆபரேஷன் உடம்பு என்று மாசக்கணக்கில் குனியவிடவில்லை, பிள்ளை ராத்திரி தூங்கவிடவில்லை. எல்லாம் ஒரே சமயத்தில் வந்ததால் பழி ஆபரேஷன் மேலே விழுந்தது. இந்தப் பேச்சை நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, வேண்டாத கர்ப்பத்தோடு என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டால் அது வேறு கதை. அப்போதும், மாதவிடாய் நிற்கிற வயசிலும், கொழுப்பு தொடையிலிருந்து வயிற்றுப் பக்கம் இடம் மாறும்.

"வயசாயிருச்சு, நாப்பதுக்கு மேலே அப்படித்தான்" என்பது இன்னொரு பேச்சு. 2021-ல் சயின்ஸ் என்கிற பத்திரிகையில் ஒரு பெரிய ஆராய்ச்சி வந்தது. 29 நாடுகளில், பிறந்து எட்டு நாளான குழந்தையிலிருந்து 95 வயசுப் பாட்டி வரை 6,400 பேருக்கு மேலே அளந்து பார்த்தார்கள். உடம்பின் அளவுக்குத் தக்கபடி கணக்குப் போட்டால், ஒரு வயசுக் குழந்தைதான் பெரியவர்களைவிட ஒண்ணரை மடங்கு செலவு செய்கிறது. இருபதிலிருந்து அறுபது வரை செலவு மாறவே இல்லை. பெண்ணுக்கும் ஆணுக்கும் வித்தியாசம் இல்லை. அறுபதுக்கு மேலேதான் வருஷத்துக்கு முக்கால் சதவீதம் போலக் குறைகிறது. ஆகவே நாற்பது வயசில் மெட்டபாலிசம் குறைந்தது என்பதைவிட, நாற்பது வயசில் நாம் ஜீப்பில் ஏறுவது நின்றது, மிக்சியும் கிரைண்டரும் வந்தது, சீரியல் கூடியது என்பதுதான் சரி. ஆட்டுக்கல்லைத் திரும்பக் கொண்டுவா என்று சொல்ல மாட்டேன். அதில் மாவாட்டினவள் நான். அது போனதே நல்லது.

உண்மையிலேயே செலவைக் குறைக்கிற நோய் ஒன்று உண்டு. கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி சோம்பினால் எப்போதும் அசதி, மலச்சிக்கல், மற்றவர்களுக்குப் புழுங்கும்போது நமக்கு மட்டும் குளிர், தோல் வறட்சி, மாதவிடாய்க் கோளாறு எல்லாம் வரும். எடையும் கூடும். ஆனால் பெரும்பாலும் நாலைந்து கிலோதான், அதிலும் பாதி உப்பும் தண்ணீரும். இருபது கிலோ கூடியதற்குத் தைராய்டு ஒன்றையே காரணம் சொல்ல முடியாது. அறிகுறி இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாத்திரை எழுதிக் கொடுத்தால் வெறும் வயிற்றில் போடணும். டீயோடு போட்டுவிட்டு "மாத்திரை கேக்கல" என்று சொல்லக் கூடாது.

இப்போது அந்தப் பொடிக்கு வருகிறேன். நோட்டுக் கணக்கு ஒரு இடத்தில் உடம்போடு ஒத்துப்போகாது, அதைத்தான் அவர்கள் சொல்வதில்லை. நம்ம வீட்டில் வருமானம் குறைந்தால் கரண்ட் பில் தானாகக் குறையுமா? குறையாது. உடம்பில் குறையும். திடீரென்று சாப்பாட்டைப் பாதியாக வெட்டினால், பஞ்சம் வந்துவிட்டது என்று உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும். பசியைக் கூட்டிவிடும். கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைக்கும். அமெரிக்காவில் யார் அதிகம் எடை குறைக்கிறார்கள் என்று ஒரு டிவி போட்டி நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்து அளந்தார்கள். பெரும்பாலானவர்களுக்குப் போன எடையில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. ஆனால் சுருங்கின செலவு திரும்பவில்லை. அவர்கள் உடம்புக்கு இருக்க வேண்டியதைவிட நாளைக்கு 500 கலோரி குறைவாகவே செலவாகிக்கொண்டிருந்தது. 2016-ல் வந்த முடிவு இது. நம்ம தங்கச்சிக்கு ஆறு கிலோ போய் ஏழு கிலோ வந்ததற்கு அவளுடைய வாய் மட்டும் காரணம் இல்லை.

வேர்க்க வேர்க்க பெல்ட் கட்டிக்கொள்வதும் அப்படித்தான். வேர்வையில் போவது தண்ணீர். ரெண்டு சொம்பு குடித்தால் திரும்பிவிடும். கொழுப்பு எப்படி வெளியே போகும் தெரியுமா? மூச்சு வழியாக. பத்துக் கிலோ கொழுப்பு கரைந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, மிச்சம் 1.6 கிலோ தண்ணீராகப் போகிறது. அதற்காக வேகமாக மூச்சு விட்டால் இளைக்காது. தசை வேலை செய்து கொழுப்பை எரித்தால்தான் அந்த வாயு உண்டாகும்.

ஒல்லியாக இருக்கிறவர்கள் இதுவரை சிரித்துக்கொண்டு கேட்டீர்கள். உங்களுக்கும் ஒரு சேதி இருக்கிறது. புனேயில் டாக்டர் யாஜ்னிக் என்று ஒருவர். அவரும் லண்டனைச் சேர்ந்த யூட்கின் என்கிற டாக்டரும் 2004-ல் லான்செட் பத்திரிகையில் தங்கள் படத்தையே போட்டார்கள். ரெண்டு பேருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒரே 22.3. ஆனால் வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2 சதவீதம்! நம்ம ஆட்கள் பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் முன்னே. அதனால்தான் வெளிநாட்டுக்காரர்களுக்கு 25 வரை சரி என்று சொல்கிற குறியீடு நமக்கு 23-லேயே எச்சரிக்கை ஆகிறது. அஞ்சடி உயரமுள்ள பெண்ணுக்கு 43 கிலோவிலிருந்து 53 கிலோ வரை சரியான எடை. எடை மிஷின் இல்லையா, தையல் டேப் போதும். விலா எலும்பு முடிகிற இடத்துக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டுவிட்டு, வயிற்றை எக்காமல் அளக்கணும். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொண்ணரை அங்குலம். அதற்கு மேலே போனால் கவனம். பாவாடை நாடா இறுகுவதை வைத்தே பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும்.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் எடை கூடியவர்கள் 2015-16-ல் நூற்றுக்கு 31 பேர். 2019-21-ல் 40 பேர். அதே ஆய்வில் ரத்தசோகை உள்ள பெண்கள் நூற்றுக்கு 53 பேர். ரெண்டையும் சேர்த்துப் பாருங்கள். உடம்பு பெருத்தும் ரத்தம் இல்லாமலும் ஒரே பெண் இருக்கிறாள். எல்லோருக்கும் குழம்பில் இருக்கிற காயையும் முட்டையையும் பரிமாறிவிட்டு, கடைசியில் மிஞ்சின சோற்றையும் ரசத்தையும் கொட்டிக்கொண்டு சாப்பிடுகிறவள் வேறு எப்படி இருப்பாள்? பட்டினி கிட என்று அவளிடம் போய்ச் சொல்வதா? 43 கிலோவுக்குக் கீழே இருக்கிற மலை வேலைக்காரிக்கு இன்னும் கூடுதலாகத்தான் சாப்பாடு வேணும்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஆராய்ச்சி நம்ம சென்னையில் நடந்தது. டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு பிரிவுக்குத் தினமும் அரை மணி நேரம் நடை, சீனியையும் எண்ணெயையும் மாவுச்சத்தையும் குறைப்பது, அடிக்கடி கூப்பிட்டு விசாரிப்பது. மூணு வருஷத்தில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடந்த பிரிவில் 39 பேருக்கு. 2006-ல் இதை வெளியிட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், நடந்தவர்களுக்கு எடை சொல்லிக்கொள்கிற மாதிரி குறையவே இல்லை! எடை மிஷின் முள் அசையாவிட்டாலும் உள்ளே நல்லது நடந்துகொண்டிருந்தது. வேலை செய்கிற தசை ரத்தத்திலிருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். "ஒரு மாசம் நடந்தேன், ஒரு கிலோகூடக் குறையல" என்று விட்டுவிடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அரை மணி நேர நடைக்கு நூறு கலோரிச் சொச்சம்தான், ஒரு வடைக்கு ஈடு கட்டினாலே பெரிசு. நடப்பது எடைக்காக மட்டும் இல்லை.

எடை குறையணும் என்றால் தட்டில்தான் கை வைக்கணும், அதுவும் மெதுவாக. 60 கிலோ இருக்கிறவர் ஆறு மாசத்தில் மூணு நாலு கிலோ குறைத்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கும். எதைக் குறைப்பது என்று பெரிய பட்டியல் வேண்டாம். டீயில் சீனியை அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். சோற்றில் ஒரு அகப்பையைக் குறைத்து அந்த இடத்தில் வெஞ்சனத்தை வையுங்கள். மொச்சை, தட்டாம்பயறு, கொள்ளு, முட்டை, கருவாடு, முருங்கைக்கீரை, எது அன்றைக்குக் கிடைக்குதோ அது. பயறும் முட்டையும் பசி தாங்கும், தசை கரையாமல் காக்கும், செரிக்க வைப்பதற்கே அதிகச் சக்தி செலவாகும். கேப்பைக்களி நல்லதுதான். நல்லது என்று ரெண்டு உருண்டை கூடுதலாகப் போட்டால் அதுவும் சோறுதான். எண்ணெய் ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம் போதும். மாசத்துக்கு முக்கால் லிட்டருக்கும் குறைவு. வீட்டில் எத்தனை பேர், மாசம் எத்தனை பாக்கெட் என்று இன்றைக்கே போய் வகுத்துப் பாருங்கள். தூக்கமும் வேணும். நாலரை மணிக்கு எழுகிறவள் ராத்திரி பதினொண்ணரை வரை விழித்திருந்தால் மறுநாள் பசி இரட்டிப்பாகும், அதுவும் இனிப்பைத்தான் தேடும். ராத்திரிப் பாத்திரத்தைத் தேய்க்க வீட்டு ஆம்பளைக்கும் ரெண்டு கை இருக்கிறது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதில் வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிற தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். அவர்கள் வரும்போது "எனக்கு ஒண்ணும் இல்ல, அடுத்த வீட்டைப் பாரு" என்று அனுப்பிவிடாதீர்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சாப்பாட்டைக் குறைத்தால், மாத்திரையின் அளவையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளணும். இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மார்களும் எடை குறைக்கிற பேச்சையே எடுக்க வேண்டாம்.

கடைசியாக ஒண்ணு. தலைவியிடம் பேசிவிட்டேன். அடுத்த மாசக் கூட்டத்துக்கு எடை மிஷினும் உயரம் அளக்கிற கோலும் நான் கொண்டுவருகிறேன், டேப்பைத் தையல் யூனிட்டில் வாங்கிக்கொள்ளலாம். தீர்மான நோட்டோடு இன்னொரு நோட்டும் இருக்கும். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இடுப்பளவு, எடை, பிரஷர், சர்க்கரை எழுதுவோம். ஆறு மாசம் கழித்து அதே பக்கத்தில் அடுத்த வரியில் எழுதுவோம். யார் அளவையும் சத்தமாக வாசிக்க மாட்டோம். வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டே வாருங்கள், எடை குறைச்சலாகக் காட்டணும் என்று பட்டினியாக வந்து என் முன்னால் மயங்கி விழ வேண்டாம். புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டிக்கொண்டு வந்தால் அளக்க எனக்குச் சுலபம்.